மண் காப்புக்கு அரசாங்கம் தரும் வாடகை

மலைச்சரிவில் ஐந்து ஏக்கர் நிலம் வைத்திருக்கும் குடியானவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தம் நிலத்தைச் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக உழுது பயிரிடுகிறார். பெருமழை பெய்யும்போதெல்லாம் அந்நிலத்தின் மேல்மண் கரைந்து ஓடையில் இறங்குகிறது; ஓடையிலிருந்து ஆற்றுக்குச் சென்று, முடிவில் நெடுந்தொலைவிலுள்ள நீர்த்தேக்கத்தின் அடியில் வண்டலாகப் படிகிறது. நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. இதனால் நஷ்டமடைபவர் கால்வாயின் கடைமடையில் இருக்கும் வேறொரு குடியானவர். இவ்விருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். சரிவு நிலத்தில் உழவை நிறுத்திப் புல்லும் மரமும் வளர்த்தால், அதன் நன்மை பெரும்பாலும் கடைமடைக்கே சேரும். விளைச்சலை இழப்பவர் மேல்நிலத்தார். இந்நிலையில் மண்ணைக் காப்பது உழவரின் கடமை என்று அவரிடம் எடுத்துரைப்பதால் பயன் விளைவதில்லை. அவ்வாறு உரைப்பது நியாயமாகுமா என்பதும் ஐயத்திற்குரியதே.

இவ்விடத்தில்தான் அரசாங்கத்தின் மான்யம் நுழைகிறது. இம்மான்யங்கள் இருவகைப்படும். சமமட்ட வரப்பு அமைத்தல், ஓடைத் தடுப்பணை கட்டுதல், சொட்டுநீர்க் குழாய் பதித்தல் முதலிய வேலைகளின் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் ஒருமுறை ஏற்றுக்கொள்வது முதல் வகை. நம் நாட்டுக் களப்பணியாளர் நன்கு அறிந்த முறை இது. குறிப்பிட்ட நிலத்தை உழாமல் விடுவதற்கோ, குறிப்பிட்ட பயிரைப் பயிரிடாமல் இருப்பதற்கோ ஏக்கருக்கு இவ்வளவு என ஆண்டுதோறும் நிலவுடைமையாளருக்குப் பணம் தருவது இரண்டாம் வகை. இவ்விரண்டாம் வகை மான்யம் உண்மையில் ஒருவித வாடகையே. நிலம் உரியவரிடமே இருக்கிறது. அதனை உழும் உரிமையை மட்டும் அரசாங்கம் சில ஆண்டுகளுக்குப் பெற்றுக்கொள்கிறது. வாடகை என்று கொண்டால், மூன்று வினாக்கள் தாமே எழும். வாடகை எவ்வளவு? எத்தனை ஆண்டுகளுக்கு? தவணை முடிந்த மறுநாள் அந்நிலத்தில் நடப்பது என்ன? இம்மூன்றாவது வினாவே எல்லாவற்றிலும் கடினமானது. இதற்கு விடை காண, இத்துறையில் நீண்ட அனுபவமுள்ள ஐக்கிய அமெரிக்க நாடுகளின் வரலாற்றை முதலில் பார்த்துவிட்டு, பிறகு நம் நாட்டின் அரியானா, பஞ்சாப் மாநிலங்களுக்கு வருவோம்.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு

மண் அரிப்பின் அளவைப் பற்றி முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதன் மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மண் நீங்கினால், நீங்கிய மண்ணின் பருமன் 10 கன மீட்டர். உலர்ந்த மண் கன மீட்டருக்குச் சுமார் 1.3 டன் எடையுடையது என்று கொண்டால், ஹெக்டேருக்கு 13 டன், அதாவது ஏக்கருக்கு ஐந்து டன்னுக்குச் சற்று அதிகமாக மண் போய்விட்டதாகும். நிலத்தைச் சுற்றிவரும் உழவருக்கு ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தது தெரியவா போகிறது? ஒரு முறை உழுதால் அதன் அடையாளமும் மறைந்துவிடும். இருபத்தைந்து ஆண்டுகளில் ஓர் அங்குலம் குறைந்த பிறகு, தந்தை காலத்து விளைச்சல் இப்போது இல்லை என்ற முறையீடு மட்டும் எஞ்சும். ஆழமான நல்ல மண்ணுக்குக்கூட ஆண்டுக்கு ஏக்கருக்குச் சுமார் ஐந்து டன் இழப்பே தாங்கத்தக்க மேல்வரம்பு என அமெரிக்க மண்காப்புத் துறையினர் கொள்வது இதனோடு ஒப்பிடத்தக்கது.

இதனைப் பள்ளியில் எளிதாகச் செய்து காட்டலாம். எண்ணெய்த் தகரம் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளிலும் ஒரே மண்ணைச் சம அளவில் நிரப்புக. ஒன்றின் மேல் புற்கரணைகளைப் பதித்து இரண்டு வாரம் வளர விடுக. மற்றதை வெறுமையாக வைத்திருக்கவும். பிறகு இரண்டையும் ஒரே சரிவில் சாய்த்து, பூவாளியால் ஒரே அளவு நீரை ஒரே உயரத்திலிருந்து ஊற்றி, வழியும் நீரைக் கண்ணாடிக் குவளைகளில் பிடிக்கவும். வெறும் மண்ணிலிருந்து வரும் நீர் கலங்கலாகவும் விரைவாகவும் நிறைய வரும். புல்லிலிருந்து வருவது தாமதமாகவும் தெளிவாகவும் குறைவாகவும் வரும். குவளைகளை இரவு முழுவதும் அசையாமல் வைத்து, அடியில் படிந்த மண்ணின் உயரத்தை மாணவர்களே அளந்து கொள்ளட்டும். பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. அந்த அடியைப் புல் தாங்கிக்கொள்ளாவிடில் மண் துகள்கள் சிதறி, மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்கின்றன. உள்ளே இறங்க வழியில்லாத நீர் மேலே ஓடத் தொடங்குகிறது. அரசாங்கம் வாடகை கொடுத்துப் பெறுவது இந்தப் புற்போர்வையைத்தான்.

புழுதிப் புயல்

அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள பெருஞ் சமவெளி, மழை குறைந்த புல்வெளிப் பிரதேசம். முதலாம் உலகப் போரின்போது கோதுமை விலை ஏறியதால் அங்கே பெரும் பரப்பில் புல்வெளி உழப்பட்டது. 1930-களில் தொடர்ந்து மழை பொய்த்தபோது, வேரின் பிடிப்பை இழந்த மண் காற்றில் எழுந்தது. 1935-ம் ஆண்டு ஏப்ரல் 14-ம் நாள் எழுந்த புயலால் பட்டப்பகலில் இருள் சூழ்ந்தமையால், அந்நாள் 'கருப்பு ஞாயிறு' என்று பெயர் பெற்றது. சமவெளியின் புழுதி கிழக்கே தலைநகர் வரை சென்றது. மண் அரிப்பைப் பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரித்துவந்த ஹியூ பென்னெட் என்ற மண்ணியல் அறிஞர், சட்டசபைக் குழுவின் முன் சாட்சியம் சொல்லிக்கொண்டிருக்கையில் சாளரத்துக்கு வெளியே புழுதிப்படலம் வந்து சேரும்வரை பேச்சை நீட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. அது எவ்வாறாயினும், ஏப்ரல் 27-ம் நாள் மண்காப்புச் சட்டம் நிறைவேறியது. மண்காப்புப் பணித்துறை நிறுவப்பட்டது. பென்னெட்டே அதன் தலைவரானார்.

பணம் தரும் முறை இதனையொட்டி வந்ததாயினும், அதன் பிறப்பு வேறிடத்தில். விளைபொருள்களின் விலை வீழ்ச்சியைத் தடுப்பதற்காக, பயிர்ப்பரப்பைக் குறைத்துக்கொள்ளும் பண்ணையாருக்குப் பணம் தரும் சட்டம் ஒன்று 1933-ம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. 1936-ம் ஆண்டு ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பகுதிகளைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே வேறொரு சட்டம் வந்தது. மண்ணின் சத்தை உறிஞ்சும் பயிர்களாகிய பருத்தி, கோதுமை, மக்காச்சோளம், புகையிலை ஆகியவற்றைக் குறைத்துக்கொண்டு, மண்ணைக் காக்கும் புல்வகைகளையும் அவரையினப் பயிர்களையும் விதைப்போருக்கு இதன்படி பணம் தரப்பட்டது. விலைத்தாங்கலுக்கு மண்காப்பு என்னும் போர்வை அணிவிக்கப்பட்டது என்று கூறினால் அது மிகையாகாது. மண்ணுக்கு நன்மை விளைந்தது உண்மையே. ஆனால் நோக்கம் இரண்டாக இருந்ததால், விலை ஏறும் காலத்தில் மண்காப்பு பின்னுக்குத் தள்ளப்படும் நிலையும் அன்றே உண்டாகிவிட்டது.

1933-ம் ஆண்டுத் திட்டத்தில் நேர்ந்த இன்னொன்றையும் நம் களப்பணியாளர் அறிந்திருத்தல் வேண்டும். தென்மாநிலங்களின் பருத்தி நிலங்களை உழுதவர்கள் வாரக்குடிகள். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களோ நிலச்சுவான்தார்கள். பயிர்ப்பரப்பைக் குறைக்கப் பணம் வந்தபோது, குறைக்கப்பட்ட நிலத்தில் உழுதுகொண்டிருந்த குடிகள் பலர் வெளியேற்றப்பட்டனர். குடிக்கு உரிய பங்கைக் கொடுத்துவிட வேண்டுமென்று விதி இருந்தும், பல இடங்களில் அது கைக்கு வந்து சேரவில்லை. பணம் பதிவேட்டிலுள்ள பெயருக்குச் செல்லும். நிலத்தை உழுபவர் வேறொருவராக இருக்கலாம். குத்தகைச் சாகுபடி மிகுந்த நம் பகுதிகளில் இவ்வகைத் திட்டம் எதனைத் தொடங்கினாலும், நிலத்தை இப்போது உழுபவர் யார் என்பதை முதலில் விசாரிப்பது நலம்.

மண் வங்கியும் அதன் முடிவும்

1956-ம் ஆண்டில் 'மண் வங்கி' என்ற திட்டம் வந்தது. வங்கியில் பணத்தைப் போட்டு வைப்பதுபோல் நிலத்தின் வளத்தைச் சேமித்து வைப்பது என்பது அப்பெயரின் கருத்து. மூன்று முதல் பத்தாண்டு வரை நிலத்தை உழாமல் விட்டுப் புல்லோ மரமோ வளர்க்கும் பண்ணையாருக்கு ஆண்டுதோறும் வாடகை கிடைத்தது. 1960-ம் ஆண்டில் இவ்வாறு ஒப்பந்தத்தில் இருந்த நிலம் 2 கோடியே 87 இலட்சம் ஏக்கர்.

சில மாவட்டங்களில் பண்ணையார் தம் முழு நிலத்தையும் ஒப்படைத்துவிட்டு ஊரைவிட்டே சென்றனர். விதை வியாபாரியும், உரக் கடைக்காரரும், கலப்பை பழுது பார்ப்பவரும் வேலையின்றி நின்றனர். நிலம் உறங்கினால் அதனைச் சூழ்ந்த கடைத்தெருவும் உறங்கும் என்பதைத் திட்டம் வகுத்தோர் எண்ணிப் பார்க்கவில்லை. எதிர்ப்பு வலுத்தது, புதிய ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன, பழையவை ஒவ்வொன்றாகத் தவணை முடிந்தன. அந்தச் சமயத்தில் 1972-ம் ஆண்டில் சோவியத் நாடு பெருமளவில் தானியம் வாங்கியது. விலை துள்ளி ஏறியது. வேலி முதல் வேலி வரை உழுது விதையுங்கள் என்று அரசாங்கமே ஊக்கியது. பல ஆண்டுகள் வாடகை கொடுத்து வளர்த்த புல் கலப்பையின் கீழ்ப் போயிற்று; காற்றைத் தடுக்க நட்ட மரவரிசைகளும் சில இடங்களில் வெட்டப்பட்டன. வாடகையால் அதுவரை வாங்கியது காலத்தை மட்டுமே என்பது அப்போது வெளிப்பட்டது.

1985-ம் ஆண்டுத் திட்டம்

1985-ம் ஆண்டு டிசம்பரில் இயற்றப்பட்ட உணவுக் காப்புச் சட்டம், முன் அனுபவங்களை ஓரளவு மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. இதன் முக்கியப் பகுதி நிலக்காப்பு ஒதுக்கீட்டுத் திட்டம். ஒப்பந்த காலம் 10 முதல் 15 ஆண்டு. எளிதில் அரிக்கப்படும் நிலமே முதலில் ஏற்கப்பட்டது. வாடகை எவ்வளவு வேண்டுமென்று உரிமையாளரே கேட்புத்தொகை குறித்து விண்ணப்பிக்க வேண்டும். புல்லோ மரமோ வளர்க்கும் தொடக்கச் செலவில் பாதியையும் அரசாங்கம் ஏற்றது. கடைத்தெருக்கள் உறங்கிப்போன பழைய அனுபவத்தால், ஒரு கவுன்டியின் சாகுபடி நிலத்தில் கால் பங்குக்கு மேல் பொதுவாகச் சேர்ப்பதில்லை என்று வரம்பு கட்டப்பட்டது.

தொடக்கத்தில் ஏக்கர் எண்ணிக்கையைக் கூட்டுவதிலேயே கருத்துச் சென்றது. 1990-ம் ஆண்டுச் சட்டத்தின் பிறகு வேறொரு முறை உருவாயிற்று. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும், அந்நிலம் தரும் நன்மைகளை மதிப்பிட்டுப் புள்ளிகள் இடப்பட்டன. மண் அரிப்பு எவ்வளவு தடுக்கப்படும், நீர்நிலைக்கு எவ்வளவு அருகில் உள்ளது, பறவைக்கும் விலங்குக்கும் இடமாகுமா, காற்றின் தூய்மைக்கு உதவுமா, கேட்கும் வாடகை எவ்வளவு என்பவையெல்லாம் கணக்கில் கொள்ளப்பட்டன. மலிவான வறண்ட நிலம் ஆயிரம் ஏக்கர் சேர்ப்பதைவிட, ஓடைக்கரையில் சில மீட்டர் அகலமுள்ள புற்பட்டை அதிகப் பயன் தரக்கூடும். அத்தகைய கரைப்பட்டைகளைப் போட்டியின்றி எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு பின்னர் வந்தது. வாடகைக்காகவே புல்வெளியைப் புதிதாக உழுதுவிட்டு விண்ணப்பிப்போரும் இருக்கக்கூடும் அல்லவா? அதனால், ஆறு ஆண்டுகளில் நான்கு ஆண்டாவது அந்நிலம் பயிரிடப்பட்டிருக்க வேண்டுமென 2002-ம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

1985-ம் ஆண்டுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. என் கருத்தில் வாடகையைவிட அதுவே கூர்மையானது. எளிதில் அரிக்கப்படும் நிலத்தை மண்காப்புத் திட்டம் இன்றி உழுபவருக்கும், சதுப்பு நிலத்தை வடிகட்டிப் பயிரிடுபவருக்கும் மற்ற விவசாய உதவித்தொகைகள் கிடைக்கமாட்டா. புதிதாகப் பணம் கொடுக்காமல், ஏற்கெனவே கொடுத்துவரும் பணத்தோடு நிபந்தனையைப் பிணைத்தது இது. இத்தனை ஏற்பாடுகளின் கூட்டுப் பலனாக, அந்நாட்டுச் சாகுபடி நிலத்தின் மண் அரிப்பு 1982-க்கும் 2007-க்கும் இடையே ஏறத்தாழ 43 சதவீதம் குறைந்தது. வடசமவெளியின் குட்டைகளைச் சூழ்ந்த புல்வெளிகள் மீண்டதால் காட்டு வாத்துகளும் பெருகின.

எனினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் உழவை நிறுத்தினால் வேறோரிடத்தில் அது தொடங்கிவிடுகிறது. ஜுன்ஜி வூ என்ற பொருளியலார் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, நடு அமெரிக்காவில் இத்திட்டத்தின் கீழ் உழவிலிருந்து நீங்கிய ஒவ்வொரு 100 ஏக்கருக்கும், அதுவரை உழாத 20 ஏக்கர் புதிதாகச் சாகுபடிக்கு வந்தது. நம் நாட்டில் சொட்டுநீர்ப் பாசனத்திலும் இதைப் போன்ற ஒன்று நடக்கிறது. செடிக்குச் செல்லும் நீர் குறைகிறது. மிஞ்சிய நீரைக்கொண்டு உழவர் இன்னும் ஓர் ஏக்கரை நனைக்கிறார். அவர் வருமானம் உயர்வதில் தவறொன்றும் இல்லை. ஆயினும் கிணற்றின் நீர்மட்டம் உயர்ந்துவிடும் என்று எதிர்பார்த்து அம்மான்யத்தைத் தந்திருந்தால், அந்த எதிர்பார்ப்பு பொய்க்கும். எனவே மான்யத்தின் பயனை அளப்பவர் குழாய் பதித்த நிலத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. அதே உழவரின் மற்ற நிலத்தையும் கிணற்றையும் பார்த்துவர வேண்டும்.

2007-ம் ஆண்டில் இத்திட்டத்தில் இருந்த நிலம் 3 கோடியே 68 இலட்சம் ஏக்கர், அதுவே உச்சம். அதே காலத்தில் மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எரிபொருள் வடிப்பது சட்டத்தின் ஆதரவோடு பெருகி, தானிய விலை ஏறியது. தவணை முடிந்த நிலங்கள் பல திரும்ப உழப்பட்டன. 2014-ம் ஆண்டுச் சட்டம் மேல்வரம்பையே 2 கோடியே 40 இலட்சம் ஏக்கராகக் குறைத்தது; 2018-ம் ஆண்டுச் சட்டம் வரம்பைச் சற்று உயர்த்தியும், வாடகை வீதத்தைக் குறைத்தது. 1970-களில் நடந்தது, அளவில் சிறிதாக, மறுபடியும் நடந்தது.

நெல்லும் நிலத்தடி நீரும்

நம் நாட்டில் மண்காப்பு மான்யம் பெரும்பாலும் முதல் வகையைச் சார்ந்தது. ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்களின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் மண்காப்பு வேலை செய்வதற்கென மத்திய அரசாங்கம் மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் ஏற்பாடு செய்தது. வரப்பும் தடுப்பணையும் காடு வளர்ப்புமே அதன் வேலைகள். ஆண்டு வாடகை என்று சொல்லத்தக்க முறை அண்மையில்தான் வடமேற்கு மாநிலங்களில் தோன்றியது. அங்கே காக்கப்பட வேண்டியது நிலத்தடி நீர்.

பஞ்சாபிலும் அரியானாவிலும் மழையால் ஆண்டுதோறும் நிலத்தடியில் சேர்வதைவிட அதிகமான நீர் இறைக்கப்படுகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023-ம் ஆண்டு மதிப்பீட்டில், எடுக்கத்தக்க அளவை 100 என்று கொண்டால், பஞ்சாபில் எடுக்கப்பட்டது 160-க்கு மேல். அரியானாவில் 130-க்கு மேல். இதற்கு முக்கிய காரணம் கோடையின் இறுதியில் நடப்படும் நெல். நெல்லை விட்டு மக்காச்சோளம், பருத்தி, பயறு வகை, காய்கறி முதலியவற்றுக்கு மாறும் உழவருக்கு ஏக்கருக்கு 7,000 ரூபாய் தரும் திட்டத்தை அரியானா அரசாங்கம் 2020-ம் ஆண்டில் தொடங்கியது. 'என் நீர், என் உரிமைச் சொத்து' என்று பொருள்படும் பெயர் அதற்கு இடப்பட்டது. முந்திய ஆண்டில் நெல் பயிரிட்ட நிலமாக இருக்க வேண்டுமென்பதும், மாற்றுப் பயிரை நேரில் பார்த்து உறுதிசெய்த பின்னரே பணம் தருவதென்பதும் விதிகள்.

இத்தொகை போதுமா என்பதை உழவரின் இடத்தில் நின்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நெல்லில் செலவு போக மிஞ்சுவது 100 பங்கு என்றும், மக்காச்சோளத்தில் மிஞ்சுவது 70 பங்கு என்றும் ஒரு கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். இழப்பு 30 பங்கு; ஆகையால் 30 பங்கு மான்யம் தந்தால் இருபுறமும் சமமாகிவிடும் என்று தாளில் எழுதுபவர் எண்ணுவார். உழவர் அவ்வாறு எண்ணுவதில்லை. நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோனால் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு அரசாங்க நிறுவனங்கள் கொள்முதல் செய்துவிடும். மக்காச்சோளத்துக்கும் ஆதரவு விலை அறிவிக்கப்படுகிறது. ஆனால் அவ்விலைக்கு வாங்க ஆள் வருவார் என்ற உறுதி இல்லை. நெல்லின் 100 உறுதியானது; மக்காச்சோளத்தின் 70 நல்ல ஆண்டில் 90 ஆகலாம், கெட்ட ஆண்டில் 40 ஆகலாம். கடன் வாங்கிப் பயிரிடுபவர் அந்த 40-ஐ நினைத்தே முடிவு செய்வார். எனவே மான்யம் சராசரி இழப்பை மட்டுமன்றி, இந்த அச்சத்தையும் ஈடுசெய்ய வேண்டும். அல்லது மாற்றுப் பயிருக்குக் கொள்முதல் உறுதியாவது வேண்டும்.

மேலும், பாசன மோட்டார்களுக்கான மின்சாரம் பஞ்சாபில் இலவசம். அரியானாவில் மிக மலிவு. நீரைச் சேமிப்பவருக்கு மின்கட்டணத்தில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. நெல்லுக்கு உறுதியான விலை, இறைப்பதற்கு மலிவான மின்சாரம் என்ற இரு பெரும் உதவிகளும் உழவரை ஒரு திசையில் இழுக்க, இம்மான்யம் எதிர்த்திசையில் இழுக்கிறது. அமெரிக்கச் சட்டம் மண்காப்பு நிபந்தனையை மற்ற உதவித்தொகைகளோடு பிணைத்தது ஏன் என்பது இங்கே விளங்கும்.

நீரைக் காக்கப் பணத்துக்குப் பதிலாகத் தடையைக் கையாண்டதும் உண்டு. 2009-ம் ஆண்டில் இரு மாநிலங்களும், அறிவிக்கப்பட்ட தேதிக்கு முன் நெல் நடவு செய்வதைத் தடுக்கும் சட்டங்களை இயற்றின. கடுங்கோடையில் வயலில் நீரைத் தேக்கினால் ஆவியாகிப் போகும் அளவு மிகுதி; நடவைப் பருவமழையை ஒட்டித் தள்ளினால் அந்நீர் மிஞ்சும். கருத்து சரியானதே. ஆனால் நடவு தள்ளியதால் அறுவடையும் தள்ளிப்போயிற்று. கோதுமை விதைப்பைத் தள்ள முடியாது. நவம்பர் நடுவுக்குப் பின் விதைத்தால் விளைச்சல் குறையும். அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற தாளை இரண்டு மூன்று வாரத்துக்குள் அகற்ற மலிவான வழி தீ மூட்டுவதுதான். முன்பு காற்று ஓரளவு வீசும் காலத்தில் எரிந்துகொண்டிருந்த தாள், குளிர்ந்து அசையாத நவம்பர்க் காற்றில் எரியலாயிற்று. நீரைக் காக்க வந்த சட்டம் புகையைத் தில்லியின் மேல் நிறுத்தியது.

பின்பு இதற்கென வேறொரு மான்யம் தேவைப்பட்டது. 2018-ம் ஆண்டு முதல், தாளை எரிக்காமலே அதனிடையே கோதுமை விதைக்கும் 'ஹாப்பி சீடர்' முதலிய இயந்திரங்களுக்கு, தனி உழவருக்கு விலையில் 50 சதவீதமும், கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வாடகை மையங்களுக்கும் 80 சதவீதமும் மத்திய அரசாங்கம் மான்யம் வழங்கியது. தாள் வயலிலேயே பரவிக் கிடப்பதால் ஈரம் காக்கப்படுகிறது, மண்ணும் வளமடைகிறது. ஆனால் இவ்வியந்திரத்துக்கு ஆண்டில் சில வாரமே வேலை. எல்லா வயலுக்கும் ஒரே சமயத்தில் அது வேண்டியிருக்கிறது. வாங்கிய இயந்திரங்களின் எண்ணிக்கையைவிட, அவ்வாரங்களில் அவை எத்தனை ஏக்கரில் ஓடின என்பதைக் களப்பணியாளர் குறித்து வைத்தல் அதிகப் பயன் தரும்.

வாடகை இல்லாமல் நின்ற புல்

இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மேல்நிலத்தாரும் கடைமடையாரும் உண்மையாகவே சந்தித்த இடம் ஒன்று அரியானாவில் உண்டு. சண்டிகர் நகரின் சுக்னா ஏரி 1958-ம் ஆண்டில் அமைக்கப்பட்டது. சிவாலிக் குன்றுகளிலிருந்து வந்த வண்டலால், 1970-களின் நடுவிலேயே அது தன் கொள்ளளவில் பாதிக்கு மேல் இழந்துவிட்டது. வண்டலின் ஊற்றைத் தேடிச்சென்ற மத்திய மண்நீர்க் காப்பு ஆராய்ச்சி நிலையத்தின் சண்டிகர்க் கிளையினர், குன்றடியில் சுகோமாஜ்ரி என்ற சிற்றூரை அடைந்தனர். அவ்வூராரின் ஆடுமாடுகள் குன்றுகளை மொட்டையாக மேய்ந்திருந்தன. மேய்ச்சலை நிறுத்துங்கள் என்று கேட்டதற்கு, மேய்க்காமல் எப்படிப் பிழைப்பது என்ற நியாயமான வினாவே விடையாக வந்தது.

பி. ஆர். மிஷ்ரா தலைமையில் பணிபுரிந்த குழுவினர் 1976-ம் ஆண்டில் அங்கு ஒரு சிறு மண்ணணை கட்டினர். வண்டலைத் தடுப்பது நோக்கம். தேங்கிய நீர் பயிருக்குப் பாய்ந்தபோது ஊராரின் பார்வை மாறியது. அணை தூர்ந்தால் நீர் போய்விடும், குன்று மொட்டையானால் அணை தூர்ந்துவிடும் என்பதை அவர்கள் தாமே கண்டனர். ஆனால் நிலமில்லாதவரும் மேட்டுநிலத்தாரும், எங்களுக்கு நீரே வராதபோது நாங்கள் ஏன் மேய்ச்சலை விட வேண்டும் என்று கேட்டனர். நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சமபங்கு என்று ஊர்ச்சங்கம் முடிவு செய்தது. நிலமில்லாதவர் தம் பங்கைப் பிறருக்கு விற்கலாம். இம்முடிவுக்குப் பிறகுதான் குன்றில் மேய்ச்சல் நின்றது. வேலியோ காவலரோ வேண்டியிருக்கவில்லை. காகித ஆலைக்கும் கயிற்றுக்கும் பயன்படும் பாப்பர் புல் செழித்தது; அதுவரை ஒப்பந்தக்காரர் எடுத்துவந்த புற்குத்தகையைப் பின்பு ஊர்ச்சங்கமே வனத்துறையிடமிருந்து பெற்றது. ஆடுகள் குறைந்து, கட்டுத்தறியில் நிறுத்திப் புல்லறுத்துப் போடும் எருமைகள் பெருகின. அவ்வூரிலிருந்து ஏரிக்குச் சென்ற வண்டல் வெகுவாகக் குறைந்தது.

அங்கும் அரசாங்கப் பணமும் வெளியுதவியும் அணை கட்டுவதற்குச் செலவாயின. ஆனால் குன்றில் புல் நிற்பதற்காக ஆண்டுதோறும் யாரும் வாடகை தரவில்லை. புல்லின் வருமானமும் பயிருக்குக் கிடைத்த நீருமே அதற்கு ஈடாயின. பிற்காலத்தில் அணைகளில் சில தூர்ந்து பயனிழந்தன. சங்கத்தின் ஊக்கமும் முன்போல் இருக்கவில்லை. நீர்ப்பங்கு குறைந்த இடத்தில் காவலும் தளர்ந்தது. அவ்வூருக்குச் செல்லும் ஆசிரியர்கள் மாணவர்களை அணைக்கரையோடு நிறுத்திவிடாமல், அதற்கு மேலுள்ள சரிவு வரை அழைத்துச் செல்வது நன்று. மேயாத பகுதியின் ஓடையிலும் மேய்ந்த பகுதியின் ஓடையிலும் மழைக்குப் பின் ஒவ்வொரு குவளை நீர் எடுத்து, பள்ளியில் செய்த சோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.